120 மணி நேரம் யாரோடு? - மாணவர் தொண்டின் ஒரு சிறு வரலாறு



பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கி சில வாரங்கள் ஆனதும், நாட்டு நலப்பணித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். "சேர விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதவும்" என்று மேலே எழுதியிருக்கும். உடனே வகுப்பில் எழும் முதல் கேள்வி: "சார், சர்டிஃபிகேட் தருவாங்களா?" இரண்டாவது கேள்வி: "சனி, ஞாயிறும் வரணுமா?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. இதைக் கட்டாயம் என்று சொல்லாமல், "விருப்பம் உள்ளவர்கள்" என்று ஏன் விட்டுவிட்டார்கள்?

சின்னக் கேள்விதான். ஆனால் டெல்லியில் இதைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் கூடி 19 ஆண்டுகள் யோசித்திருக்கிறார்கள்! அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கதையின் நடுவில் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துபோன ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது. அது வரும்போது சொல்கிறேன்.

தொண்டும் வெட்டியும்

முதலில் நம் மொழியிலேயே தொடங்குவோம். கூலி வாங்காமல் பிறருக்காகச் செய்யும் வேலைக்குத் தமிழில் இரண்டு பழைய சொற்கள் உண்டு. ஒன்று தொண்டு. மற்றொன்று வெட்டி.

தொண்டு என்றதும் நினைவுக்கு வருபவர் அப்பர் என்று அழைக்கப்படும் திருநாவுக்கரசர். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கையில் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியோடு கோயில் கோயிலாகப் போய், முளைத்த புல்லையும் முள்ளையும் அகற்றியவர். யாரும் அவரை ஏவவில்லை. இன்றும் கோயில்களைச் சுத்தம் செய்யும் குழுக்கள் தங்கள் வேலைக்கு "உழவாரப் பணி" என்றுதான் பெயர் வைத்துக்கொள்கின்றன.

வெட்டி என்பது இதற்கு நேர் எதிர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சொல் இது. கூலி இல்லாமல் ஊரார் கட்டாயமாகச் செய்து தர வேண்டிய உழைப்பு என்று பொருள். வரிகளின் பட்டியலில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று நாம் "வெட்டி வேலை" என்று எதைச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். பயன் இல்லாத வேலை!

இரண்டிலும் கூலி இல்லை. இரண்டிலும் வியர்வை உண்டு. ஒன்று உயர்ந்த சொல்லாகவும் மற்றொன்று கேலிச் சொல்லாகவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதுதான் குடிமராமத்து. மராமத்து என்றால் பழுது பார்த்தல். மழைக்காலம் வருவதற்கு முன் ஊர்க் குடிகள் கூடி, தங்கள் ஏரி, குளம், வாய்க்கால்களைத் தாங்களே சீர் செய்வார்கள். கரையைப் பலப்படுத்துவார்கள், வண்டலை அள்ளுவார்கள். வராதவரை ஊர் சும்மா விடாது. அதனால் இதை முழுக்க விருப்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏரித் தண்ணீர்தான் வேலை செய்தவர்களின் வயலுக்குப் பாயும். அதனால் இதை வெட்டி என்றும் சொல்ல முடியாது.

1858ல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம். ஊர் வழக்கமாக இருந்தது சட்டப் புத்தகத்துக்குள் போனது. இப்படிச் சட்டம் வந்த பிறகும் குடிமராமத்து தழைக்கவில்லை, தேய்ந்துதான் போனது. அதற்குக் காரணங்கள் பல. ஏரியின் மேல் ஊருக்கு இருந்த உரிமை குறைந்து அரசின் அதிகாரம் கூடியது முக்கியமான ஒன்று. (2017ல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கலாம்.)

இந்த ஏரிக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்குள் வந்த சங்கங்கள்

இப்போது கடல் தாண்டிப் போவோம். பள்ளி மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து தொண்டு செய்யும் வழக்கம் இன்றைய வடிவத்தில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ல் அமெரிக்காவில் இளம் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கப்பட்டது. ஜனாதிபதி உட்ரோ வில்சனே மாணவர்களை அதில் சேரும்படி அழைப்பு விடுத்தார். போரில் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பிள்ளைகள் துணிமணிகளும் மற்ற பொருள்களும் செய்து அனுப்பினார்கள். நம் பள்ளிகளில் ஜே.ஆர்.சி. என்று சொல்கிறோமே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1925ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப் பள்ளியில் கீ கிளப் பிறந்தது. ஊரில் இருந்த வணிகர்களும் பணியாளர்களும் கிவானிஸ் என்ற சேவைச் சங்கத்தில் இருந்தார்கள். அதே மாதிரி பிள்ளைகளுக்கும் ஒன்று இருந்தால் என்ன என்ற யோசனைதான் இது. தொடங்கியபோது 11 பேர். அவர்கள் சேவை செய்ய எடுத்துக்கொண்ட இடம் அவர்களுடைய சொந்தப் பள்ளி.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல். கீ கிளப் முதலில் பையன்களுக்கு மட்டும்தான். 1977ல் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் பெரியவர்களின் கிவானிஸ் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1987ல்தான். பெரியவர்களைப் பார்த்து ஆரம்பித்த பிள்ளைகள், பெரியவர்களுக்கு 10 ஆண்டுகள் முன்னே போய்விட்டார்கள்! மாணவர் சங்கம் என்றால் பெரியவர்கள் சொன்னதைச் செய்யும் கூட்டம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

1962ல் ரோட்டரி சங்கம் தன் பங்குக்கு இண்டராக்ட் என்ற பள்ளிச் சங்கத்தை புளோரிடாவில் தொடங்கியது. அது பிறகு நம் ஊர்ப் பள்ளிகள் வரை வந்தது.

டெல்லியில் 19 ஆண்டு யோசனை

சரி, நம் நாட்டுக்கு வருவோம். படிக்கும் மாணவர்கள் கிராமத்துக்குப் போய் உழைக்க வேண்டும் என்பது காந்தியடிகள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். சுதந்திரம் வந்த பிறகு அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டு வருவது என்பதுதான் கேள்வி. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, விருப்பத்தின் பேரில் தேச சேவை இருக்கலாம் என்றது. 1950 ஜனவரியில் மத்திய கல்வி ஆலோசனை வாரியம் இதைப் பரிசீலித்து, மாணவர்கள் விரும்பி உடல் உழைப்பில் ஈடுபடலாம், ஆசிரியர்களும் கூடச் சேர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. (கவனியுங்கள். ஆசிரியர்களும்!)

பிரதமர் நேருவுக்கு இது போதவில்லை. 1958ல் மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், பட்டம் பெற வேண்டும் என்றால் சமூக சேவை செய்திருக்க வேண்டும் என்ற விதி வைக்கலாமா என்ற யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டு சி.டி.தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராகவும் பிறகு நிதி அமைச்சராகவும் இருந்தவர் இவர்.

அந்தக் குழு சொன்னதைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தூக்கம் போய்விடும். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொரு மாணவரும் 9 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை கட்டாய தேச சேவை செய்ய வேண்டும்! கொஞ்சம் ராணுவப் பயிற்சி, கொஞ்சம் சமூக சேவை, கொஞ்சம் உடல் உழைப்பு, கொஞ்சம் பொதுக் கல்வி. யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஆண்டு முகாம்! ஆனால் இதற்கு ஆகும் செலவையும் நடத்துவதில் உள்ள சிரமத்தையும் பார்த்து அரசு இதை ஏற்கவில்லை. நாம் தப்பித்தது கொள்கையால் அல்ல, காசில்லாததால் :-)

பிறகு 1960ல் கல்வியாளர் கே.ஜி.சையதைன் பல நாடுகளில் மாணவர் சேவை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். நான் ஆரம்பத்தில் சொன்ன, மறந்துபோன யோசனை இதில்தான் இருக்கிறது. சேவை முகாம்கள் மாணவர்களுக்கு மட்டுமாக இருக்கக் கூடாது, அதே வயதில் உள்ள, படிக்காத இளைஞர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார் அவர். இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள அதுதான் வழி என்பது அவர் கருத்து.

கட்டாயத்தின் ஒரு பாடம்

இதற்கிடையில் 1962ல் சீனப் போர் வந்தது. அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. பயிற்சி கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் பயிற்சி தருவது என்றால் அவ்வளவு அதிகாரிகளும் துப்பாக்கிகளும் சீருடைகளும் வேண்டும். ஆர்வம் இல்லாதவர்களையும் மைதானத்தில் நிறுத்த வேண்டும். 1968ல் என்.சி.சி. மறுபடியும் விருப்பப் பாடமானது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குத் தனிக் கிளை ஒன்று உண்டு. என்.சி.சி. அணிவகுப்பில் கட்டளைகள் இந்தியில் இருந்தன. இந்தி எதிர்ப்புப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. 1968 ஜனவரி 23ல் அண்ணா முதல்வராக இருந்தபோது நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளுக்கும் எதிர்ப்பு இடம்பெற்றது. கட்டாயம் என்று வந்துவிட்டால் கட்டளையின் மொழி கூடப் பிரச்சனை ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் குழு, எல்லா நிலை மாணவர்களும் ஏதாவது ஒரு சமூக சேவையில் பங்கெடுக்க வேண்டும் என்றது. 1967ல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி, என்.சி.சி.க்கு மாற்றாக ஒரு தேச சேவைத் திட்டம் இருக்கலாம் என்றார்கள். கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969ல், செப்டம்பர் 24ஆம் தேதி, மத்திய கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி.ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். சேருவதா வேண்டாமா என்பது மாணவர் விருப்பம். அதனால்தான் இன்றும் அந்தத் தாளில் "விருப்பம் உள்ளவர்கள்" என்று இருக்கிறது.

1985ல் இந்தத் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளிலும் நுழையத் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் இருப்பது கோனாரக் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன என்று திட்டக் கையேட்டில் சொல்வார்கள். முழக்கம் "நாட் மீ, பட் யூ". அதாவது நான் அல்ல, நீ.

அமெரிக்கா எதிர்த் திசையில் போனது

நாம் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு வந்தோம். சங்கங்களைத் தொடங்கிய அமெரிக்காவில் சில இடங்கள் விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்குப் போயின! 1992ல் மேரிலாண்ட் மாநிலம், பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்றால் 75 மணி நேரச் சேவை வேண்டும் என்று விதி செய்தது. முழு மாநிலத்துக்கும் இப்படி விதித்தது அதுதான் முதல் முறை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1999லிருந்து 40 மணி நேரம்.

பென்சில்வேனியாவில் பெத்லஹேம் என்ற ஊர். அங்கே பள்ளி நிர்வாகம் 60 மணி நேரச் சேவையைக் கட்டாயம் ஆக்கியபோது சில மாணவர்களும் பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் எடுத்த ஆயுதங்களில் ஒன்று என்ன தெரியுமா? அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம்! சம்பளம் இல்லாமல் கட்டாய வேலை வாங்குவது அடிமைத்தனம்தானே என்று வாதம். நம் மொழியில் சொன்னால், "இது தொண்டு அல்ல, வெட்டி" என்றார்கள். 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படிப்பின் ஒரு பகுதியான சேவையை அடிமை வேலையோடு ஒப்பிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி பள்ளி நிர்வாகம் ஜெயித்தது. ஆனால் அந்த மாணவர்கள் எழுப்பிய சந்தேகம் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. நமக்குக் கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் மணி நேரத்தை நிரப்புபவனுக்கும் கட்டாயத்தில் செய்பவனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

மணி நேரம் எதை அளக்கிறது?

இப்போது ஏரிக்கரைக்குத் திரும்புவோம்.

கட்டாயமா விருப்பமா என்று இத்தனை ஆண்டுகள் எல்லோரும் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பாதிக் கேள்விதான் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி, "யாரோடு சேர்ந்து செய்கிறோம்?" என்பது. குடிமராமத்தில் மண் சுமந்தவர்களும் தண்ணீர் பெற்றவர்களும் ஒரே ஆட்கள். அங்கே எத்தனை மணி நேரம் என்று யாரும் நோட்டில் எழுதத் தேவையில்லை. கரை நின்றதா இல்லையா என்று அடுத்த மழை சொல்லிவிடும்.

முகாமில் என்ன நடக்கிறது? காலையில் குழி தோண்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம், பேனர் பிடித்துப் புகைப்படம் எடுக்கிறோம். நோட்டில் மூன்று மணி நேரம் ஏறுகிறது. நம் வயது ஊர்ப் பையன்கள் டீக்கடைப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஏழாவது நாள் நாம் பஸ் ஏறிவிடுவோம். எட்டாவது நாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்? வேடிக்கை பார்த்த அந்தப் பையன்கள்தான். அவர்களிடம் எந்த மரம் வேண்டும், எங்கே நடலாம், ஆடு மேயாத இடம் எது என்று ஒரு வார்த்தை கேட்டோமா? சையதைன் 1960லேயே சொன்னது இதைத்தான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அது பெரிய அலையாகவே எழுந்தது. மாலை நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் மிகப் பலர் அந்தந்த ஊர் இளைஞர்கள், இளம்பெண்கள். சம்பளம் கிடையாது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் ஏறினார்கள். அந்த வேலை நடந்ததா என்று பார்க்க ஆசிரியரின் மணி நேரக் கணக்கு தேவைப்படவில்லை. அந்த அக்கா தன் பெயரைத் தானே எழுதினாரா, சைக்கிளில் தானே போனாரா என்று பார்த்தால் போதும். அளவுகோல் கொடுப்பவர் கையில் இல்லை, பெறுபவர் கையில் இருந்தது.

இதைச் சொல்வதால் 120 மணி நேரமே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கணக்கு வேண்டும். கணக்கு இல்லை என்றால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். சர்டிஃபிகேட்டுக்காக வந்தவர்கள் உண்மையான தொண்டர்களாக மாறியதும் உண்டு. 40,000 பேரோடு தொடங்கிய திட்டம் 30 லட்சம் பேரைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அத்தனை பேரும் கபடம் என்று சொன்னால் அது அநியாயம்.

ஆகவே பெயர் எழுதப் போகும் நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். முகாமுக்கு ஊர் தேர்ந்தெடுத்ததும் ஒருமுறை முன்னதாகவே போய்ப் பார்க்கலாமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு, நம் வயதுப் பிள்ளைகளையும் பார்த்துப் பேசுங்கள். அவர்களுக்கு என்ன வேலை நடக்க வேண்டும் என்று கேளுங்கள். அது மரக்கன்றாக இல்லாமல், வாய்க்கால் அடைப்பாகவோ பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடமாகவோ இருக்கலாம். வேலை நடக்கும்போது அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய்ப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

"நான் அல்ல, நீ" என்பது நல்ல முழக்கம்தான். ஆனால் அதில் "நாம்" என்ற சொல் இல்லை. 1960ல் விட்டுப்போன அந்த ஒரு சொல்லைச் சேர்க்க எந்தக் குழுவும் எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு முகாம் போதும்.

அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.